முதியோருக்கு ஒரு பரப்புப் பயறு

நெற்கமமும் தோட்டமும் செய்யும் குடும்பங்களுக்கு

நெல்லைச் சூடடித்துத் தூற்றி முடித்தவுடன் கமக்காரர் முதலிற் செய்வது அடுத்த போகத்துக்குரிய விதைநெல்லைப் பிரித்தெடுத்து வைப்பதாகும். அதன்பின் கடனுக்குரியது, கூலிக்குரியது, சந்தைக்குரியது, வீட்டுச் சாப்பாட்டுக்குரியது எனக் குவியல் பங்கிடப்படும். இப்பங்கீட்டிலே வீட்டிலுள்ள முதியவர்களுக்கெனத் தனியாக ஒரு பங்கு ஒதுக்கும் வழக்கம் நம்மிடையே இல்லை. எல்லாரும் உண்ணும் சோற்றை அவர்களும் உண்பார்கள் என்று விட்டுவிடுகின்றோம். கொஞ்சமாக உண்பவருக்குத் தனிப் பங்கு எதற்கு என்றும் எண்ணுகின்றோம்.

அவ்வெண்ணம் தவறானது. அறுபது வயதைக் கடந்த ஒருவருக்குச் சோறு முன்னையிலும் குறைவாகப் போதும் என்பது உண்மையே. ஆனால் தசையைக் காக்கும் புரதச்சத்து இளவயதினருக்கு வேண்டியதிலும் அவருக்குக் கூடுதலாக வேண்டும். அதனைப் பேணியில் அடைத்த மாவாகக் கடையில் வாங்கவேண்டியதில்லை. உங்கள் நெல் வயலிலே, இரு போகங்களுக்கிடையில் வெறுமையாகக் கிடக்கும் காலத்தில், ஒரு பரப்பு நிலத்தில் விளையும் பயற்றிலிருந்தே அதன் பெரும் பகுதியைப் பெறலாம். இதனை எவ்வாறு செய்வதென்பதே இப்பிரசுரத்தின் பொருளாகும்.

மெலிவை இயல்பென்று விடலாகாது

2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையிலே நூற்றுக்குப் பன்னிருவருக்கு மேற்பட்டோர் அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். கிராமங்களிற் பிள்ளைகள் தொழில் தேடி வெளியூர் சென்றபின் வயலையும் தோட்டத்தையும் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இவர்களே. ஆகையால் முதியவரின் தேகபலம் குறைந்தால் அவருடைய சுகம் மாத்திரமன்றிக் குடும்பத்தின் கமமும் தளர்கின்றது.

வயது செல்லச் செல்லத் தசை குறைவது எல்லாருக்கும் பொதுவாயினும், எவ்வளவு விரைவாகக் குறைகின்றதென்பது உணவையும் உழைப்பையும் பொறுத்தது. உண்ட புரதத்தைத் தசையாக மாற்றுவதில் முதியவரின் உடல் மந்தமாயிருக்கும். அதனாலேயே அவருக்குக் கூடுதலான புரதம் வேண்டியிருக்கின்றது. ஆனால் பற்கள் விழுந்து, நாச்சுவை குறைந்து, பசியும் மட்டுப்பட்ட காலத்தில் அவருடைய கோப்பையில் எஞ்சுவது யாது? குழைந்த சோறும் சொதியும், அல்லது தேநீரில் தோய்த்த பாணும் விசுக்கோத்துமே. தண்ணீர் மாத்திரம் கட்டி யூரியா இடாது விட்ட நெற்பயிர் மஞ்சளித்து நிற்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். வயிறு நிறைந்தும் மெலிகின்ற முதியவரின் நிலையும் அத்தகையதே.

இம்மெலிவினால் முதலிற் பாதிக்கப்படுவது தொடைத் தசையாகும். குந்தியிருந்து எழும்ப முடியாமை, கிணற்றில் நீர் அள்ள இயலாமை, வரப்பிலே நடக்கையிற் கால் தடுமாறல் ஆகியவை தோன்றும். பின்னர் ஒருநாள் விழுகின்றார், இடுப்பெலும்பு முறிகின்றது. அதன்பின் பாயை விட்டு எழாதவர் பலர்.

மெலிவை முன்னரே கண்டுகொள்ள இலகுவான வழிகள் உண்டு. மோதிரமும் வளையலும் கழலுகின்றனவா என்று பாருங்கள். யப்பானிய ஆராய்ச்சியாளர் பயன்படுத்தும் ஒரு சோதனையையும் வீட்டிற் செய்யலாம். முதியவர் தமது இரு கைகளின் பெருவிரல்களையும் சுட்டுவிரல்களையும் சேர்த்து வளையமாக்கி, தம் கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தைச் சுற்றிப் பிடிக்கட்டும். வளையம் எட்டாவிடின் நன்று. வளையத்துக்கும் காலுக்குமிடையில் வெளி தெரியுமாயின் தசை குறைந்துள்ளதெனச் சந்தேகிக்க வேண்டும். வீக்கமுள்ள காலில் இச்சோதனை பயன்படாது. உரம் நிறுக்கும் தராசு வீட்டிலிருந்தால் ஆளையும் நிறுத்து எழுதிவையுங்கள். 50 கிலோ நிறையுள்ள ஒருவர், காரணமெதுவுமின்றி ஆறு மாதத்தில் இரண்டரைக் கிலோ குறைந்தாராயின் வைத்தியரிடம் காட்டவேண்டும். அது உணவுக் குறைவாகவும் இருக்கலாம், மறைந்திருக்கும் நோயாகவும் இருக்கலாம்.

சோற்றின் கணக்கு

வளர்ந்த ஒருவருக்கு, உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 0.8 கிராம் புரதம் போதுமென்பது பொதுவான அளவு. முதியவருக்கு 1 கிராம் முதல் 1.2 கிராம் வரை வேண்டுமென முதுமை மருத்துவ நிபுணர் குழுவொன்று 2013 ஆம் ஆண்டில் ஆராய்ந்து கூறிற்று. எனவே 50 கிலோ நிறையுள்ள முதியவருக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 கிராம் வரை புரதம் வேண்டும்.

அவர் நாள் முழுவதிலும் ஒரு சுண்டு அரிசி, அதாவது ஏறக்குறைய 250 கிராம், உண்பதாகக் கொள்வோம். அதிலிருந்து கிடைப்பது 17 கிராம் அளவே; மூன்றிலொரு பங்கு. எஞ்சியதைச் சோற்றைக் கூட்டி ஈடுசெய்ய எண்ணினால் மூன்று சுண்டு அரிசி உண்ணவேண்டும். அஃது இயலாத காரியம். இயன்றாலும் சலரோகத்தைத்தான் வருவிக்கும்.

இனி, அதே கோப்பையில் ஒரு நிறைபிடி பயறு, 50 கிராம், சேருமாயின் 12 கிராம் புரதம் கிடைக்கும். ஒரு கோழிமுட்டையில் 6 கிராம். ஒரு குவளைப் பாலில் அல்லது தயிரில் 6 கிராம். 15 கிராம் நெத்தலிக் கருவாட்டில் 9 கிராம் வரையில். இவற்றைச் சோற்றின் புரதத்துடன் கூட்டிப் பாருங்கள், ஐம்பது ஆகின்றது. இவற்றுட் பயறு மாத்திரமே உங்கள் வயலில் விளைந்து ஆண்டு முழுவதும் இருப்பிலிருக்கக்கூடியது. அன்றியும் அரிசிப் புரதத்திற் குறைவாகவுள்ள இலைசின் என்னும் கூறு பயற்றில் நிறைய உண்டு. பயற்றிற் குறைந்த வேறு சில கூறுகள் அரிசியில் உண்டு. இரண்டும் ஒரே நாளில் உண்ணப்படும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகின்றது. கௌப்பி, உழுந்து, கடலை, சோயா என்பனவும் இவ்வாறே. எனினும் முதியவரின் வயிற்றுக்குப் பயறு மற்றவற்றிலும் இதமானது என்பது நம் வீட்டுப் பெண்கள் நன்கறிந்த விடயம்.

மரக்கறி உணவு மாத்திரம் கொள்வோர் முட்டைக்கும் மீனுக்கும் பதிலாகப் பயற்றை இரு பிடியாக்கி, ஒரு பிடி நிலக்கடலையை வறுத்து இடித்துச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் விற்றமின் பி12 என்னும் சத்துப் பயறு, கீரை, கிழங்கு எதிலும் கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலேயே உண்டு. வயதானவரின் இரைப்பை அமிலம் குறைவதால் உணவிலிருந்து அதனைப் பிரித்தெடுப்பதும் கடினமாகின்றது. அது குறைந்தால் இரத்தசோகையும் கால் விறைப்பும் மறதியும் உண்டாகும். ஆகையால் சைவ உணவு கொள்ளும் முதியவருக்குப் பாலும் தயிரும் நாள்தோறும் தவறாது கொடுக்கவேண்டும். அதன் பின்னும் விறைப்பும் சோர்வும் இருப்பின் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை மிக அவசியம். வடமத்திய மாகாணத்திலும் வவுனியா போன்ற அயற்பிரதேசங்களிலும் 1990 களிலிருந்து கமக்காரரிடையே நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்படுகின்றது. சிறுநீரகம் பாதிக்கப்பட்டவருக்குப் புரதமும் நீரும் எவ்வளவு கொடுக்கலாமென்பதை வைத்தியரே நிச்சயிக்க வேண்டும். மேற்கூறிய அளவுகள் அவருக்குப் பொருந்தா. அப்பிரதேசங்களில் வாழும் முதியவர்கள், நோய்க்குறி எதுவும் இல்லாவிடினும், உணவை மாற்றுமுன் அரசினர் வைத்தியசாலையில் இரத்தமும் சிறுநீரும் பரிசோதிப்பித்துக் கொள்வது நலம்.

ஒரு பரப்பிற் பயிரிடும் முறை

நாளொன்றுக்கு 50 கிராம் என்றால் ஆண்டொன்றுக்கு 18 கிலோவுக்குச் சற்று மேல். ஏக்கரில் பதினாறிலொரு பங்கான ஒரு பரப்பில், எக்டயருக்கு 800 கிலோ என்னும் நடுத்தர விளைச்சலே கிடைத்தாலும் 20 கிலோ கிடைக்கும். ஆகவே ஒரு முதியவருக்கு ஒரு பரப்பு என்பதே நாம் கூறும் கணக்கு. இருவர் இருந்தால் இரண்டு பரப்பு. அடுத்த ஆண்டுக்கான விதையும் இதிலேயே அடங்கும். ஒரு பரப்புக்கு முக்கால் கிலோ விதை போதும்.

வடக்கிலே காலபோக நெல்லை அறுத்தபின், மாசி மாதத்தில், நிலத்தில் எஞ்சிய ஈரம் காயுமுன் விதையுங்கள். குளத்து நீர்ப்பாசன வயல்களில் இரண்டு போகங்களுக்கிடையே கிடைக்கும் இரண்டு மாதங்களைப் பயன்படுத்தலாம். குறுகியகால இனங்கள் 60 முதல் 65 நாட்களில் அறுவடைக்கு வந்துவிடும். வரிசைக்கு வரிசை ஓரடி இடைவெளி விட்டு நட்டால் களை எடுப்பது இலகு. நீர் தேங்கும் பள்ளக் காணியைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். பயற்றின் வேர்முடிச்சுக்கள் காற்றிலுள்ள நைதரசனை நிலத்திற் சேர்ப்பதனால், காயைப் பிடுங்கியபின் செடியை உழுது புதைத்துவிட்டால் அடுத்த நெல்லுக்கும் ஆதாயமே.

விளைவிப்பதிலும் கடினமானது ஆண்டு முழுவதும் காப்பாற்றுவது. பயற்றை அழிக்கும் வண்டு களஞ்சியத்திற் பிறப்பதன்று. வயலிலே முற்றிய காயின்மீது முட்டையிட்டு, பயற்றோடு கூடவே வீட்டுக்கு வருகின்றது. ஆதலால் எல்லாக் காய்களும் கறுக்கும்வரை காத்திராமல், கறுத்தவற்றை இரண்டு மூன்று முறையாகப் பிடுங்கவேண்டும். உடைத்த பயற்றைப் பாயிற் பரப்பி, பல்லாற் கடித்தால் நொறுங்கும் பதம் வரும்வரை கடும்வெயிலிற் காயவிடுங்கள். ஆறியபின், உண்பதற்குரிய பயற்றில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டு மணிதோறும் படுமாறு பிசறி, காற்றுப் புகாத தகரத்தில் அல்லது மூடியுள்ள பிளாஸ்ரிக் வாளியில் விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். எண்ணெய்ப் பூச்சினால் வண்டின் முட்டை பொரிக்காது. விதைக்குரியதைத் தனியே அரித்த சாம்பலுடன் கலந்து வைக்கலாம். இரண்டு மூன்று மாதத்துக்குத் தேவையானதை இள வறுவலாக வறுத்துக் கோதுடைத்து வைத்தால் அதில் வண்டு விழுவது அரிது, சமைப்பதும் விரைவாகும். உண்ணும் தானியத்துக்குள் பூச்சிநாசினித் தூளைப் போடும் பழக்கம் சிற்சில இடங்களில் இன்றும் உண்டெனக் கேள்விப்படுகின்றோம். அது கொடிய காரியம்.

அரிசியைப் பற்றியும் ஒரு சொல். ஐரோப்பிய வைத்தியரான எய்க்மன் என்பவர், 1890 களில் யாவாத் தீவிலே, தீட்டிய வெள்ளை அரிசி உண்ட கோழிகள் கால் விளங்காது விழுவதையும் தவிட்டோடு கூடிய அரிசி கொடுத்தால் அவை தேறுவதையும் கண்டார். தவிட்டில் ஓர் இன்றியமையாத சத்து உண்டென்பது அதன் வழியே வெளியாகி, 1929 ஆம் ஆண்டில் அவருக்கு நோபெல் பரிசும் கிடைத்தது. அச்சத்தே இன்று தயமின், அல்லது விற்றமின் பி1, எனப்படுவது. நெல்லைப் புழுக்கும்போது அதில் ஒரு பகுதி தவிட்டிலிருந்து அரிசியின் உள்ளே சென்றுவிடுவதால், தீட்டினாலும் முற்றாக நீங்குவதில்லை. நம் முன்னோர் காரணம் அறியாமலே சிவப்புப் புழுங்கலரிசியைப் போற்றினர். வீட்டுக்குரிய நெல்லை ஆலையிற் கொடுக்கும்போது ஒரே தீட்டுடன் நிறுத்தும்படி சொல்லுங்கள். தவிடு கூடிய அரிசி விரைவிற் சிக்கு மணம் கொள்ளுமாதலால், ஒருமுறையில் இரண்டு மூன்று கிழமைக்குப் போதுமானதையே குற்றுவித்தல் வேண்டும்.

சமைத்தலும் பரிமாறலும்

பயறு வீட்டில் இருந்தும் முதியவரின் கோப்பைக்குச் செல்லாவிடிற் பயனில்லை. அவர் சப்ப முடியாதவர் என்பதை நினைவிற் கொண்டு சமைக்கவேண்டும். இரவில் ஊறவிட்ட பயற்றை, ஊறிய நீரை ஊற்றிவிட்டு அவித்தால் வாய்வுத் தொல்லை குறையும். ஊறியதை ஈரத் துணியிற் கட்டி ஒருநாள் முளைக்கவைத்தால் சமிபாடு இன்னும் இலகுவாகும். அவித்த பயற்றைக் கரண்டியால் மசித்துச் சிறிது தேங்காய்ப்பூச் சேர்த்தால் அதுவே காலையுணவு. இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு வறுத்த பயறு இட்டுக் காய்ச்சும் கஞ்சி பல்லில்லாதவருக்கும் நோயில் எழுந்தவருக்கும் ஏற்றது. யாழ்ப்பாணத்து ஒடியற் கூழிலே மீனும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் முருங்கையிலையும் ஒருங்கே வேகின்றன. போஷாக்கு நூல் படித்தவர் ஒருவரும் இதனினும் சிறந்த கலவையைச் சொல்லிவிட முடியாது. அதில் உறைப்பை மட்டுப்படுத்தி, மீன்முள்ளை நீக்கி முதியவருக்குக் கொடுங்கள்.

புரதம் முழுவதையும் மதியச் சாப்பாட்டிற் குவிக்காமல் மூன்று வேளைக்கும் பங்கிடுவது முக்கியம். நம் வீடுகளிற் குறை நேர்வது காலையிலும் இரவிலுமே. காலையில் வெறுந்தேநீரும் பாணும், இரவில் இடியப்பமும் சொதியும் என்றிருந்தால் நாளில் இரு வேளை தசைக்கு ஒன்றுமில்லை. காலையிற் பயறும், இரவில் ஒரு முட்டையும் சேர்த்தாலே பெரும் மாறுதல் உண்டாகும். முட்டை கூடாது என்று வைத்தியர் சொல்லாதவரையில் நாளுக்கொன்று உண்பதில் பயமில்லை. தன் வீட்டுக் கோழியின் முட்டையைக் கடைக்கு விற்று, அக்காசுக்கு விசுக்கோத்து வாங்கி வருவது கணக்கறிந்த கமக்காரருக்கு அழகன்று.

எலும்புக்கு வேண்டிய கல்சியத்தைக் குரக்கனும் நெத்தலியும் பாலும் தரும். தானியங்களுள் குரக்கனுக்கு நிகராகக் கல்சியம் உள்ளது வேறில்லை. நெத்தலியை முள்ளோடு இடித்துச் சம்பலாக்கினால் பல்லில்லாதவரும் உண்ணலாம். 1952 ஆம் ஆண்டில் நம் குளங்களில் விடப்பட்ட திலாப்பியா மீன் விலை மலிந்த நல்ல புரதம். கீரை சப்ப முடியாதென்று ஒதுக்கவேண்டாம். முருங்கையிலை, பசளி, வல்லாரை, பொன்னாங்கண்ணி எதனையும் மிக நுணுக்கி அரிந்து, பருப்போடு கடைந்தால் விழுங்குவது எளிது. இறக்கியபின் தேசிக்காய்ப் புளி விட்டால் கீரையிலும் பயற்றிலுமுள்ள இரும்புச்சத்து உடலிற் சேரும். உணவோடு தேநீர் குடித்தால் அது தடைப்படும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கச் சொல்லுங்கள். கோடியிலே தானாக முளைத்த பப்பா மரத்தின் பழமும் பூசினிக்காயும் கண்ணுக்கும் மலச்சிக்கலுக்கும் நல்லவை.

உப்பைக் குறைக்கவேண்டும். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது மட்டமான ஒரு தேக்கரண்டிக்குள், இருக்கவேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. கருவாட்டைச் சுடுநீரில் ஊறவைத்துக் கழுவியபின் சமையுங்கள். கறிக்கு வேறாக உப்பிட வேண்டியிராது. ஊறுகாயும் மோர்மிளகாயும் தொட்டுக்கொள்ள மாத்திரமே. சுவை தெரியவில்லை என்று முதியவர் உப்புக் கேட்பார். மிளகு, சீரகம், உள்ளி, கறிவேப்பிலை, புளி ஆகியவற்றைச் சற்றே கூட்டிப் பாருங்கள்.

தாகம் முதியவருக்கு நம்பத்தக்க அறிகுறியன்று. உடலில் நீர் வற்றியும் தாகம் தோன்றாதிருக்கலாம். வெயிலில் வயலுக்குச் செல்பவருக்கு இது பெரும் ஆபத்து. தண்ணீர், மோர், கஞ்சி நீர் எல்லாமாக ஆறு முதல் எட்டுக் குவளை வரை, கேட்காமலே கொடுத்துக்கொண்டிருங்கள். இருதய நோயோ சிறுநீரக நோயோ உடையவருக்கு வைத்தியர் சொன்ன அளவே அளவு.

சலரோகத்துக்கு மருந்து எடுப்பவர் விரதத்துக்காக வேளையுணவைத் தள்ளிப்போடுமுன் வைத்தியரைக் கேட்கவேண்டும். மருந்து உள்ளிருக்க உணவு இல்லாவிடின் மயங்கி விழ நேரிடும்.

வீட்டு ஆச்சி எல்லாருக்கும் பரிமாறியபின் அடிச்சட்டியில் மிஞ்சியதை உண்பதும், தன் பங்கு மீனைப் பேரப்பிள்ளையின் கோப்பையில் வைப்பதும் நீங்கள் அறியாததன்று. "எனக்குக் காணும், பிள்ளைக்குப் போடு" என்பார். அதனை அன்பென்று பாராட்டி விட்டுவிடாமல், சட்டி அடுப்பிலிருந்து இறங்கியவுடனே அவருடைய பங்கைத் தனியே எடுத்து மூடி வைத்துவிடுங்கள். தனியே வாழும் முதியவருக்கு அயல்வீட்டார் வாரத்தில் இரண்டு நாளாவது உடனிருந்து உண்டால், அவர் உண்ணும் அளவு கூடுவதைக் காண்பீர்கள்.

புரதம் உண்டும் சாய்மனைக் கதிரையிலேயே கிடந்தால் தசை சேராது. காலையும் மாலையும் கையூன்றாமற் கதிரையிலிருந்து பத்து முறை எழுந்து அமரச் செய்யுங்கள். கத்தரிக்கன்றுக்கு நீர் ஊற்றுவதும், பயற்றங்காய் பிடுங்குவதும் அவருக்கு விட்டுவிடத்தக்க வேலைகள். வெயிலேறுமுன் அரைமணி நேரம் வெளியில் நின்றால் எலும்புக்கு வேண்டிய விற்றமின் டி யும் கிடைக்கும்.

பயற்று விதை வேண்டுவோர் அறுவடைக்கு ஒரு மாதம் முன்னதாகவே தங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் தெரிவித்தல் வேண்டும். கடைப் பயற்றை விதைக்கப் பயன்படுத்துவதாயின், முதலில் நூறு மணியை ஈரச்சாக்கில் முளைக்கவைத்து எண்ணிப் பாருங்கள். எண்பதுக்குக் குறைந்தால் வேறு விதை தேடுங்கள்.